வகுப்புக்குள் வந்ததும் நோட்டைக் கேட்காதீர்கள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் வாசிப்பும் எழுத்தும் கற்பிப்பது குறித்து வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

சின்ன வகுப்புகளைப் பார்வையிட வரும்போது நீங்கள் பெரும்பாலும் மூன்றைப் பார்க்கிறீர்கள்: சுவரில் எழுத்து அட்டைகள் தொங்குகின்றனவா, நோட்டுகள் திருத்தப்பட்டுத் தேதி போட்டிருக்கின்றனவா, வகுப்பு மொத்தமும் சேர்ந்து பாடத்தைச் சொல்கிறதா. மூன்றும் நன்றாக இருக்கும் வகுப்பிலேயே வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் பலர் உட்கார்ந்திருக்க முடியும். உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அட்டையை வரிசையாக ஒப்பிப்பார்கள், அழகாகப் பார்த்து எழுதுவார்கள், கூட்டத்தோடு உரக்கச் சொல்வார்கள். புதிதாக ஒரு சொல்லை எழுதிக் காட்டினால் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

நீங்கள் எதைக் கேட்டு வருகிறீர்களோ அதைத்தான் ஆசிரியர் தயார் செய்து வைப்பார். அதனால் எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. இதுவரை பார்த்திராத ஒரு சொல்லை, கற்ற எழுத்துகளை வைத்து, குழந்தை தானே படிக்கிறதா, தானே எழுதுகிறதா என்று பாருங்கள். மற்றவற்றை அதற்குப் பிறகு பார்க்கலாம். அந்த நிலைக்கு ஒரு வகுப்பு வந்து சேர இடையில் என்னென்ன நடக்க வேண்டும், எங்கே வழக்கமாகத் தடுக்கி விழுகிறோம் என்பதை விவரமாகவே சொல்கிறோம். நாளை ஒரு வகுப்பில் உட்காரும்போது உங்களுக்குப் பயன்பட வேண்டும்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒரு பெரிய காரியம் செய்தது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்பதை மாநிலத்தின் இலக்காக வைத்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எந்த வகுப்பில் இருந்தாலும் குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கலாம் என்று ஆசிரியருக்கு அனுமதி கொடுத்தது. இந்த அனுமதியை யாரும் திரும்பப் பெறக் கூடாது. ஆனால் அரும்பு நிலையில் இருக்கும் குழந்தையோடு தினமும் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எழுத்து வரிசையிலிருந்து ஆரம்பிப்போம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இந்த எண்ணைக் கேட்டதும் ஆசிரியருக்கே மலைப்பு வருகிறது. அட்டையை மேலிருந்து கீழாக ஓட்டத் தொடங்கிவிடுகிறார். உண்மையில் குழந்தை கற்க வேண்டியவை 18 அகர எழுத்துகள், 12 உயிர்கள், ஒரு புள்ளி, சில குறிகள். துணைக்கால் (ா) என்ன செய்யும் என்று ஐந்து எழுத்துகளில் புரிந்துகொண்ட குழந்தைக்கு மீதிப் பதின்மூன்றில் அதைத் தனித்தனியாகக் கற்பிக்கத் தேவையில்லை. உகர, ஊகார வரிசைகள் மட்டும் இதற்கு அடங்கா. அவற்றுக்குப் பிறகு வருகிறோம்.

அட்டை வரிசையில் இரண்டாவதாக நிற்பது ங. ஙா, ஙி, ஙீ என்று ஙௌ வரை ஒரு வகுப்பு ஒப்பிக்கிறது, நோட்டில் எழுதுகிறது. இவற்றில் எதுவும் அந்தக் குழந்தை படிக்கப்போகும் கதையில் வராது. ங வருவதெல்லாம் அநேகமாகத் தங்கம், சங்கு, மாங்காய் என்று 'ங்க' கூட்டில்தான். அதே நாட்களில் 'ம்' கற்றிருந்தால் மரம், படம், பழம், குளம் எல்லாம் திறந்திருக்கும். ஔ வரிசைக்கும் இதே கதி வேண்டும். மௌனம், வௌவால், கௌதாரி ஆகியவை இரண்டாம் வகுப்பின் கடைசிவரை காத்திருக்கலாம்.

நாங்கள் முன்வைக்கும் வரிசை இது. ப, ம, ட, ர, க, ல, த, வ ஆகிய எட்டு, அவற்றோடு அ, அவற்றோடு புள்ளி. வாரத்துக்கு மூன்று எழுத்து என்ற வேகம் போதும். இவ்வளவு தெரிந்த குழந்தை படம், மரம், கடல், பகல், வட்டம், பட்டம், கப்பல், அவல், அப்பம் எல்லாவற்றையும் யாரும் சொல்லித் தராமல் படிக்கும். அடுத்து ஒரே ஒரு குறி, துணைக்கால். உடனே வீடே உள்ளே வந்துவிடுகிறது: அம்மா, அப்பா, அக்கா, தாத்தா, மாமா, பால், கால், காகம். 'அக்கா வா. காகம் பார். தாத்தா பால் தா.' முதல் பருவம் முடிவதற்குள் ஒன்றாம் வகுப்புக் குழந்தை இப்படி ஒரு பக்கத்தைத் தானே படிக்க முடியும். அந்தப் பக்கத்தில் கற்காத எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் படத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கும். ஊகம் பழக்கமாகிவிட்டால் மாற்றுவது கடினம். இப்படிப்பட்ட பக்கங்களை ஆசிரியரே ஒரு தாளில் எழுதிப் படியெடுத்துக்கொள்ளலாம். வட்டார வள மையத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு பருவத்துக்கான தாள்கள் தயாராகிவிடும்.

எழுத்துக்கு முன்னால் காது. ஜூனில் முதல் இரண்டு, மூன்று வாரங்கள் சொற்களைக் கைதட்டிப் பிரிக்கும் விளையாட்டு தினம் பத்து நிமிடம் வேண்டும்: தக்-கா-ளி, வா-ழைப்-ப-ழம். ஆசிரியர் 'த… லை' என்று இடைவெளி விட்டுச் சொல்ல, குழந்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். 'எந்த எழுத்தில் தொடங்குகிறது' என்ற விளையாட்டில் ஒரு கவனம்: ண, ழ, ள, ற, ன தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. அவற்றுக்கு 'எங்கே ஒளிந்திருக்கிறது' என்று கேட்க வேண்டும். மணி, பழம், பள்ளம், காற்று, மீன்.

இனி, அதிகம் கெடும் இடம். புள்ளி எழுத்துகளை நாம் இக், இங், இச் என்று சொல்லித் தருகிறோம். தனியாக ஒலிக்க முடியாததால் முன்னால் ஓர் இகரத்தை ஒட்டிக்கொண்டோம். பெரியவர்களுக்கு அதில் சிக்கல் இல்லை. குழந்தையோ சொன்னபடி நடக்கும். 'பட்டம்' என்று எழுதிக் காட்டினால் 'ப-இட்-ட-இம்' என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரியாகவே சொல்லும்; ஆனால் சொல் கிடைக்காது. நான்கு எழுத்தும் தெரிந்த குழந்தைக்குச் சொல் தெரியவில்லையே என்று ஆசிரியர் சலித்துக்கொள்வார். கோளாறு குழந்தையிடம் இல்லை. புள்ளி எழுத்தை எப்போதும் அதற்கு முன் நிற்கும் எழுத்தோடு ஒட்டியே காட்டுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். இடது கையில் 'ப' அட்டை, வலது கையில் ட், ல், த், ம் அட்டைகளை மாற்றி மாற்றி வைத்தால் பட், பல், பத், பம். விரல் இரண்டு எழுத்துக்கும் கீழே ஒரே இழுப்பாக ஓட வேண்டும், எழுத்துக்கு எழுத்து குத்தி நிற்கக் கூடாது. பிறகு பட்-டம், கப்-பல், வட்-டம். இரண்டு வாரம் இதைச் செய்தால் 'இட்', 'இம்' உதிர்ந்துவிடும். 'இக்' என்ற பெயரை இரண்டாம் வகுப்பில் கற்றுக்கொள்ளட்டும், குடி முழுகிவிடாது.

அடுத்த சிக்கல் கொம்புகள். ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். கண் இடமிருந்து வலமாகப் போகக் கற்ற குழந்தை வழியில் பார்க்கும் கொம்பை ஏற்கெனவே படித்த எழுத்தோடு சேர்த்துவிடும். 'தலை' என்று எழுதியிருப்பதைத் 'தைல' என்று படிப்பது இதனால்தான். 'பலகை', 'பலைக' ஆகும். இது கவனக்குறைவு இல்லை. கண்ணின் வரிசையும் ஒலியின் வரிசையும் மோதும் இடம். திருத்த வழி உண்டு. கரும்பலகையில் கொம்பையும் அதற்குரிய எழுத்தையும் ஒரே வண்ணச் சுண்ணக்கட்டியில் எழுதி, இரண்டையும் சுற்றி ஒரு வளையம் போடுங்கள். முதலில் கொம்பை உள்ளங்கையால் மூடி 'ல' படிக்க வைத்து, பிறகு கையை எடுத்து 'லை' படிக்க வையுங்கள். தலை, தைலம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். எழுதும்போது இதே சிக்கல் தலைகீழாக வரும்: ஒலியைக் கேட்டு எழுதும் குழந்தை முதலில் 'ல' போட்டுவிட்டுக் கொம்பை வலப்பக்கம் வைக்கும். 'கொம்பு முதலில்' என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதப் பழக்குங்கள். ஆகவே வரிசையில் துணைக்கால், பிறகு ி, ீ, பிறகு உகரம், அதன் பிறகே கொம்புகள்.

ஒகரத்தில் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி நிற்கிறது. 'கொடி'யை 'கெரடி' என்று படிக்கும் குழந்தை துணைக்காலை ர என்று பார்க்கிறது. கையெழுத்தில் பலர் இரண்டையும் ஒன்றுபோலவே எழுதுகிறோம். கரும்பலகையில் ர-வின் அடிக்கால் தெளிவாகச் சாய்ந்து இறங்க வேண்டும். துணைக்காலுக்கு அது கூடாது. நீங்கள் வகுப்பில் இருக்கும்போது ஆசிரியரின் கரும்பலகை எழுத்தில் இந்த ஒன்றைப் பாருங்கள்.

வீட்டிலிருந்து வரும் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்த தாத்தா, பாட்டி ணை, லை, ளை, னை எழுத்துகளைத் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் எழுதுவார்கள். ணா, றா, னா-வுக்கும் பழைய வடிவம் உண்டு. பேரப்பிள்ளைக்கு வீட்டில் சொல்லித் தருபவர் பல நேரம் அவர்தான். 'அது தப்பு' என்று குழந்தையிடம் சொன்னால் பாட்டியின் படிப்பே தப்பாகிவிடும். ஒரு நாள் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் எழுதி, 'பாட்டி இப்படி எழுதுவார், நாம் இப்படி எழுதுகிறோம்' என்று காட்டினால் போதும்.

உகரத்துக்கு ஒரே குறி கிடையாது. மூன்று கூட்டமாகப் பிரித்துக் கற்பித்தால் சுமை குறையும். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம்: கோடு கீழே வளைந்து சுற்றும். சு, பு, யு, வு: நேராகக் கீழே இறங்கும், ஙு-வும் இதில் சேரும், ஆனால் எழுத வேண்டியதில்லை. து, நு, லு, று, னு, ணு, ஞு: இறங்கி வலப்பக்கம் காலாக நிற்கும். ஒரு கூட்டம் உறுதியான பிறகு அடுத்தது. நாடு, வீடு, மாடு, பாட்டு, காது, வாத்து, பாம்பு என்று உகரத்தில் முடியும் சொற்கள் ஏராளம் என்பதால் இந்த வரிசையைத் தள்ளிப்போடவும் முடியாது. ஊகாரத்தில் 'கூ'வைத் தனியாகக் காட்டிவிடுங்கள்.

மெல்லினத்தைத் தனித்தனியாகக் கற்பிப்பதைவிட அதன் இனத்தோடு சேர்த்துக் கற்பித்தால் எழுத்துப் பிழை பாதி வழியிலேயே நின்றுவிடும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற: தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு, கன்று. ஆறு சொல், ஆறு படம், சுவரில் குழந்தை உயரத்தில். 'வண்டி'க்கு மூன்று சுழியா இரண்டு சுழியா என்று குழந்தை கேட்டால் அந்தச் சுவரைப் பார்க்கச் சொன்னால் போதும்: ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன், த-வுக்கு முன்னால் ந். இலக்கணப் பெயர் எதுவும் வேண்டாம். சுவரில் தொங்க வேண்டிய அட்டை இதுதான்.

ல, ள, ழ. ர, ற: இவற்றை ஒரே வாரத்தில் வைத்து வேறுபாடு சொல்லித் தருவது வழக்கம். அப்படிச் செய்தால் எல்லாம் ஒன்றாகக் குழம்பும். தெற்கே பல ஊர்களில் பழம் பளமாகவும், வடக்கே சில இடங்களில் பயமாகவும் ஒலிக்கிறது. 'பளம்' என்று எழுதிய குழந்தை தன் காதுக்குக் கேட்டதைப் பிசகாமல் எழுதியிருக்கிறது. சிவப்பு மையால் அடித்தால் காதை நம்புவதை விட்டுவிடும். 'நீ கேட்டதைச் சரியாக எழுதியிருக்கிறாய். புத்தகத்தில் இந்தச் சொல்லுக்கு ழ போடுவோம்' என்று சொல்லி, பழம், மழை, வாழை, குழந்தை, ஏழு, எழுத்து என்று ழ வரும் சொற்களை ஒரு குடும்பமாகச் சேர்த்து வையுங்கள். ழகரம் நன்றாகப் பதிந்து சில வாரங்கள் கழித்து ளகரக் குடும்பம்.

பேச்சும் எழுத்தும் விலகும் இடங்களையும் ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். குழந்தை வாயில் 'எல', புத்தகத்தில் 'இலை'. வாயில் 'ஒடம்பு', தாளில் 'உடம்பு'. வாயில் 'போறேன்', பாடத்தில் 'போகிறேன்'. அதனால் முதல் மாதங்களில் இரண்டும் ஒன்றாக இருக்கும் சொற்களே நல்லவை: பால், கல், அம்மா, பாட்டு, மாடு, வீடு. 'இலை' என்ற சொல்லைப் பார்த்து ஒரு குழந்தை 'எல' என்றால் அது படத்தைப் பார்த்துச் சொன்னதா, எழுத்தைப் படித்துத் தன் பேச்சில் சொன்னதா என்று தெரியாது. ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தொட்டு 'இ-லை' என்று சொன்னால் அது வாசிக்கிறது. பேச்சைக் கேலி செய்ய வேண்டாம்.

எழுதுவதைப் பற்றி. நோட்டில் ஒரு சொல்லைப் பத்து முறை எழுதி வரச் சொன்னால் குழந்தை எப்படி எழுதுகிறது என்று அருகில் நின்று பாருங்கள். முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து வரிக்கும் போட்டுவிடும். ப, ப, ப, ப. பிறகு மேலே போய் இரண்டாம் எழுத்து, ட், ட், ட், ட். பிறகு ட. கடைசியில் ம். பக்கம் அழகாக நிறைந்திருக்கும். 'பட்டம்' என்ற சொல் ஒரு முறைகூட அதன் மனத்தில் ஓடியிருக்காது. அந்தப் பக்கத்துக்குத்தான் ஆசிரியர் கையொப்பமிடுகிறார், நீங்களும் பார்த்துத் திருப்தி அடைகிறீர்கள். பார்த்து எழுதுவது கைக்குப் பயிற்சி; அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. கைக்குப் பயிற்சி வேண்டும்தான். அதற்கு மணல் தட்டு, சிலேட்டு, வகுப்பைச் சுற்றிக் குழந்தைகள் உயரத்தில் இருக்கும் தாழ்வான கரும்பலகை எல்லாம் இரட்டைக்கோடு நோட்டுக்கு முன்னால் வர வேண்டும். பல பள்ளிகளில் அந்தத் தாழ்வான கரும்பலகைகள் அட்டை ஒட்டவே பயன்படுகின்றன. தயவுசெய்து அவற்றைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

சொல்வதெழுதுதல்தான் எழுத்தை வளர்க்கும், சரியாகச் செய்தால். தினமும் ஐந்து சொற்கள் போதும்: மூன்று பழகியவை, இரண்டு புதியவை. புதியவற்றில் கற்ற எழுத்துகளே இருக்க வேண்டும். ஆசிரியர் சொல்லை இரு முறை சொல்கிறார், குழந்தைகள் திருப்பிச் சொல்கிறார்கள், கைதட்டிப் பிரிக்கிறார்கள், எழுதுகிறார்கள், எழுதியதை விரல் வைத்துத் தாங்களே படித்துப் பார்க்கிறார்கள். கடைசிப் படியைத் தவிர்ப்பது வழக்கம். பெரும்பாலான பிழைகளைக் குழந்தையே பிடிக்கும் இடம் அதுதான்.

பிழை எங்கே இருக்கிறது என்பது அடுத்த நாள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடும். 'பட்டம்' படம் ஆனால் குழந்தைக்கு ஒற்று, அதாவது புள்ளி எழுத்து, கேட்கவில்லை. படம்-பட்டம், பகம்-பக்கம் என்று வாயால் மட்டும் சொல்லிக் காது பழக்குங்கள். 'காகம்' ககம் ஆனால் நெடில் கேட்கவில்லை. கல்-கால், பல்-பால், மடம்-மாடம். கொம்பு இடம் மாறினால் வளையப் பயிற்சிக்குத் திரும்புங்கள். 'பழம்' பளம் ஆனால் அவசரமே இல்லை, சொல் குடும்பம் பார்த்துக்கொள்ளும். நான்கு வகைப் பிழைக்கும் ஒரே சிவப்புக் கோடு போட்டு, ஒரே தண்டனையாக 'ஐந்து முறை எழுது' என்று சொன்னால் எதுவும் நகராது. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் இரண்டாம் வகுப்புவரை பேச்சிலேயே வரக் கூடாது.

மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் இரண்டு நாள் படம் வரைந்து கீழே தானாக ஒரு வரி எழுதட்டும். 'எங்க வீட்ல ஆடு குட்டி போட்டுச்சு' என்று எழுதினால் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் ஆசிரியர் புத்தக வடிவில் ஒரு முறை எழுதிக் காட்டலாம். அடித்துத் திருத்த வேண்டாம்.

ஒரு நாளில் 45 நிமிடம், யாரும் கை வைக்காத 45 நிமிடம் வேண்டும். ஐந்து நிமிடம் காது விளையாட்டு, பத்து நிமிடம் புதிய எழுத்து, 15 நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் சொல்வதெழுதுதல், ஐந்து நிமிடம் ஆசிரியர் ஒரு கதையை வாசித்துக் காட்டுதல். அந்த 15 நிமிடத்தில் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒரே தாளை மாற்றி மாற்றிப் படிப்பார்கள். ஆசிரியர் ஆறு பேரை ஒவ்வொருவராக அழைத்து இரண்டு நிமிடம் கேட்பார். 30 பேர் உள்ள வகுப்பில் ஐந்து நாளில் எல்லாக் குழந்தைகளின் குரலையும் தனியாகக் கேட்டாகிவிடும். கூட்டமாகப் படிக்கும்போது வாசிக்கத் தெரியாத குழந்தையின் உதடு அடுத்தவரைவிட அரை நொடி தாமதமாக அசையும். கண் தாளில் இருக்காது. தனியாகக் கேட்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. குறிப்பு எழுத ஒரு பக்கப் பட்டியல் போதும்: பெயர், தேதி, தடுக்கிய எழுத்து. இதற்கு மேல் எந்தப் பதிவையும் இந்த 45 நிமிடத்துக்குள் கேட்காதீர்கள்.

வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்து வந்திருப்பது நல்ல வரம். அவற்றைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். கிழியத்தான் செய்யும், கிழியட்டும். 'நுழை' புத்தகத்தையும் இன்னும் படிக்க இயலாத குழந்தைக்கு மேலே சொன்ன ஒரு பக்கத் தாள் வேண்டும்.

ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர் என்ற பள்ளிகளை நாங்கள் மறக்கவில்லை. அங்கே வாசிப்பு நேரத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் துணைக்கு அமர்த்தலாம். ஒரே ஒரு விதியை அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும்: தம்பி, தங்கை திணறினால் மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பெரிய பிள்ளைகள் அன்பு மிகுதியில் உடனே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சின்னது அதை எதிர்பார்த்தே நிறுத்தும்.

வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது, சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகளும், வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் எழுத்துகளை மற்றவர்களுக்கு இணையாகவே கற்றுவிடுவார்கள். 'அவல்' என்று சரியாகப் படிப்பார்கள், அவல் என்னவென்று தெரியாது. அவர்களுக்குப் பொருளைக் கையில் கொடுத்துப் பேச வைக்கும் நேரம் கூடுதலாக வேண்டும். பெயரில் ஜ, ஷ, ஸ, ஹ உள்ள குழந்தைக்கு அந்த எழுத்தை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்; எந்தக் குழந்தையும் முதலில் எழுத ஆசைப்படுவது தன் பெயரைத்தான். இடக்கையால் எழுதும் குழந்தையின் கையை மாற்றச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது, நிறுத்துங்கள். பின்வரிசையில் தொடர்ந்து திணறும் குழந்தையை 'மெல்லக் கற்பவர்' பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால் கண்ணையும் காதையும் பரிசோதிக்க அனுப்புங்கள். சளியால் காது அடைத்த குழந்தைக்கு ஒற்றும் நெடிலும் கேட்காது.

தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயப் பாடமானது. ஆனால் ஆங்கிலவழிப் பிரிவுகளில் தமிழுக்கு நாளொன்றுக்கு ஒரு பாடவேளைதான் கிடைக்கிறது. அங்கே மேற்சொன்னவற்றில் எல்லாவற்றையும் செய்ய முடியாவிட்டால், வாசிப்பையும் சொல்வதெழுதுதலையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். பார்த்து எழுதுவதை விட்டுவிடலாம்.

இனி உங்கள் பார்வை நாள். வகுப்புக்குள் வந்ததும் ஆசிரியரிடம் இதுவரை கற்பித்த எழுத்துகளையும் குறிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றை மட்டும் வைத்து, பாடநூலில் இல்லாத எட்டுச் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். எட்டு எழுத்தும் துணைக்காலும் முடித்த வகுப்புக்கு: வடகம், தாகம், பாகல், காவல், மாடம், தகரம், மரகதம், பரதம். இவற்றோடு பொருளே இல்லாத இரண்டு: பமல், காதவம். அவை இரண்டு குட்டிப் பூதங்களின் பெயர் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் சந்தோஷமாகப் படிப்பார்கள், மனப்பாடமாக இருக்கவும் வழியில்லை. வருகைப் பதிவேட்டில் ஆறு பெயருக்கு ஒருவராக நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆசிரியர் முன்னிறுத்தும் குழந்தைகள் வேண்டாம். வகுப்பின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருவராக, மற்றவர்கள் காதில் விழாமல் கேளுங்கள். கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சென்று பார்க்கும் ஏசர் (ASER) ஆய்வில் இப்படித்தான் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே ஒரு தாளைப் படிக்க வைக்கிறார்கள். ஒருவருக்குச் சில நிமிடங்களே ஆகும். பத்தில் எட்டு வந்தால் அந்தக் குழந்தை அடுத்த எழுத்துகளுக்குத் தயார். நான்கோ ஐந்தோ வந்தால் எதில் தடுக்கியது என்று எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். பிறகு அதே சொற்களில் மூன்றைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

இந்த மதிப்பெண்ணை ஆசிரியருக்கு எதிராகப் பயன்படுத்தினால் அடுத்த முறை உங்களுக்குப் பொய்யான எழுத்துப் பட்டியல் கிடைக்கும். 'எத்தனை பாடம் முடித்திருக்கிறீர்கள்' என்ற கேள்வியை ஒரு பருவத்துக்கு நிறுத்தி வையுங்கள். அதற்குப் பதிலாக 'இந்த மாதம் யார் யாருக்கு எது வரவில்லை' என்று கேளுங்கள். பெயரோடு பதில் சொல்லும் ஆசிரியருக்கு அட்டை வேண்டுமா, தாள் வேண்டுமா, வகுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமா என்று விசாரித்துச் செய்துகொடுங்கள். இரண்டாம் பருவம் தொடங்கும் முன் உங்கள் ஆய்வுப் படிவத்தில் நோட்டுத் திருத்தத்துக்கு இருக்கும் கட்டத்துக்கு மேலே 'தனியாகப் படிக்கக் கேட்ட குழந்தைகள்' என்று ஒரு கட்டம் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்